மாசி வீட்டுப் பால்

ஒரு வாரத்தில் இவ்வளவு வளராது என்பது முதலில் விரலுக்குத்தான் தெரிந்தது. விரல் நின்றது. இந்திராணி அதற்குப் பிறகுதான் நின்றாள். இடது கையில் வெள்ளை எலி பிடரித் தோல் பிடிபட்டு, வால் சுண்டுவிரலுக்கடியில் மடங்கி, வயிறு தெரிய மல்லாந்திருந்தது. அதன் இதயம் அவள் உள்ளங்கையில் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வலது கை ஆட்காட்டி விரல் கழுத்தடியில் கிளம்பி, அக்குளில் ஒரு சுற்றுச் சுற்றி, விலா ஓரமாக இறங்கி, தொடை மடிப்பில் போய் முடிய வேண்டும். பிறகு அடுத்த பக்கம். இருபது வருடமாக அந்த விரல் போய்வரும் வழி அது. இன்று அக்குளிலேயே நின்றுவிட்டது. தோலுக்கடியில் ஒன்று உருண்டது, நழுவியது, திரும்ப வந்து விரல்நுனியில் முட்டியது. பட்டாணி. இந்த அறையில் கட்டிகளுக்கு மில்லிமீட்டர் கிடையாது. கடுகு, உளுந்து, பட்டாணி, கொண்டைக்கடலை. மில்லிமீட்டரைக் கட்டுரை எழுதும்போது போட்டுக்கொள்வார்கள். கூடவே வேலை பார்க்கும் தமயந்தி ஆரம்பித்து வைத்த கணக்கு அது. இது ஆராய்ச்சி நிலையமா மளிகைக் கடையா என்று இயக்குநர் சேஷகிரி ஒருதரம் கேட்டார். "மளிகைக் கடையில எடை கொறையும் சார், இங்க கொறையாது" என்றாள் தமயந்தி. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தமயந்தி சொன்னால் யாரும் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். உளுந்து பட்டாணியாக இரண்டு வாரமாவது ஆகும். அப்படியென்றால் போன வியாழக்கிழமை இது உளுந்தாவது இருந்திருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். போன வியாழக்கிழமைக்கு நேரே தமயந்தியின் உருண்டைக் கையெழுத்தில் இல்லை, இல்லை, இல்லை என்று மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அதற்கு முந்தின வியாழனிலும் அப்படியேதான்.

விரலை நம்பலாமா என்று யோசித்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். நேற்றுதான் அவிழ்த்தார்கள். கட்டுக்குள் கிடந்த கை வேறு யாருடையதோ போல வெளுத்து, தோல் உரிந்து, சாம்பார் வாளியைத் தூக்கக்கூடத் தயங்கியது. அந்தக் கை சொல்வதை வைத்து ஒரு மாதமாக எலிகளைத் தடவிப் பார்த்த கையைச் சந்தேகப்படுவதா? "நீ வீட்டுல இரு இந்து, நான் பாத்துக்கறேன். உன் வெள்ளைங்க என் வெள்ளைங்க இல்லையா" என்றாள் தமயந்தி. சொன்னபடி எல்லா வியாழக்கிழமையும் தனியாகவே வந்து தடவிப் பார்த்து, தானே சொல்லி, தானே எழுதியிருந்தாள். வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி எலியைப் பிடித்துத் தடவி அளவைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருத்தி பலகையில் எழுதுவாள். தமயந்திக்கும் ஆயிரம் வேலை. மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அவசரத்தில் விரல் ஓடியிருக்கும். அக்குள் மடிப்பில் ஒளிந்திருந்ததைத் தாண்டிப் போயிருக்கும். தாண்டிப் போகலாம். கடுகைத் தாண்டிப் போகலாம். உளுந்தை? இந்திராணி விரலை மறுபடி கழுத்தடியில் வைத்து, புதிதாகத் தொடங்குகிறவள் போல மெதுவாகக் கொண்டுவந்தாள். நிற்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கொண்டுவந்தாள். நின்றது. மறுபக்கம் திருப்பி, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் பார்த்தாள். வெறும் விரலால் தொடக்கூடாது என்பது விதி. அங்கேயும் நின்றது.

இன்னும் காதைப் பார்க்கவில்லை. அதுவும் விதிதான். எந்த எலி எந்த வீடு, எந்த வம்சம் என்பது காதில்தான் இருக்கிறது. குட்டியாக இருக்கும்போதே காது மடலில் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிடுவார்கள். தடவிப் பார்க்கிறவள் அதைப் பார்த்துவிட்டால் விரல் ஒருதலைப்பட்சமாகிவிடும். கட்டி வரும் என்று நினைக்கிற எலியில் இல்லாததைத் தேடும், வராது என்று நினைக்கிற எலியில் இருப்பதை விட்டுவிடும். அதனால் பிடரியைப் பிடிக்கும்போதே இடது கைக் கட்டைவிரலால் இரண்டு காதையும் மூடிக்கொள்ள வேண்டும். கூண்டுகளின் அட்டையைத் திருப்பிவைத்து, இடம் மாற்றி அடுக்கிவிட்டுப் போவது பாக்கியம் அக்காவின் வேலை. "கண்ணு பாக்கறதுக்கு முன்ன விரல் பேசிடணும்" என்று தமயந்திதான் புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பாள். இந்திராணிக்கும் அவளே சொல்லிக் கொடுத்தாள், இருபது வருடத்துக்கு முன்னால், இதே வெந்த உமி வாசனையில், இதே ஏசி உறுமலில். இந்திராணி கட்டைவிரலை மெல்ல நகர்த்தினாள். வலது காதில் வெட்டு. ஆடி வீடு. இந்த அடுக்குகளில் ஆடி வீட்டுக் குட்டி என்றால் மாசி வீட்டுத் தாயிடம் பால் குடித்து வளர்ந்தது. வந்திருக்கக்கூடாத கட்டி இது. உலகத்தில் எந்த எலிக்கு வேண்டுமானாலும் வரலாம், இதற்கு வரக்கூடாது. இன்று நாலு மணிக்குச் சேஷகிரி கட்டுரையை அனுப்பப்போகிறார். இதுமாதிரிக் குட்டிகளுக்குக் கட்டி வரவில்லை என்ற ஒரு வரிக்காகத்தான் அது ஒரு வருடமாகக் காத்துக்கிடந்தது.

எலியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று அண்ணன் கேட்பான். எலிக்குப் புற்றுநோய் வந்தால் நமக்கென்ன? அவனுக்கு அவள் சொல்வது ஒன்றுதான். எலிக்கு எல்லாம் சீக்கிரம். பிறப்பது, பெறுவது, கிழமாவது, சாவது எல்லாம். பெண்ணுக்கு நாற்பது வருடம் எடுத்து வருகிற மார்புக் கட்டி எலிக்கு ஒரு வருடத்துக்குள் வந்துவிடும். மனுஷியை வைத்துக்கொண்டு காத்திருந்தால் காத்திருக்கிறவளே போய்விடுவாள். பழுப்பு எலியின் பாலில் ஒரு வைரஸ் இருக்கிறது. அந்தப் பாலைக் குடிக்கிற பெண்குட்டிகள் வளர்ந்து தாயாகும்போது அநேகமாக எல்லாவற்றுக்கும் கட்டி வரும். வெள்ளை எலியின் பால் சுத்தம். வெள்ளைக்கு வருவதில்லை, வந்தாலும் கிழவயதில் எங்கோ ஒன்றுக்கு. மனுஷிக்கும் இப்படியொரு வைரஸ் உண்டா என்பதை இன்னும் யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. ஆனால் ஒரு வைரஸ் எப்படிப் புற்றாகிறது என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டு நிற எலிகளும் போதும். மற்ற வைரஸ்கள் வந்து தின்றுவிட்டுப் போகிற திருடர்கள். ரெட்ரோவைரஸ் அப்படியில்லை. வந்த வீட்டின் மரபெழுத்துக்குள் தன்னையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும். அதற்கப்புறம் வீட்டுக்காரர் யார், வந்தவர் யார் என்று பிரிக்க முடியாது. வெள்ளை எலிகளுக்குள்ளேயும் மூதாதைக் காலத்தில் எழுதப்பட்ட அப்படிப்பட்ட வரிகள் உண்டு, ஊமையாக, தூங்கிக்கொண்டு. இந்திராணி கண்டுபிடித்தது, கண்டுபிடித்ததாக நினைத்தது, அந்தத் தூக்கம் கலைந்ததைத்தான். வெள்ளைகளைப் பிறந்த மாதத்தை வைத்து வீடு வீடாகப் பிரித்திருந்தார்கள். ஆடி வீடு, ஐப்பசி வீடு, மாசி வீடு. அதில் மாசி வீட்டுப் பெண்களுக்கு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி வந்தது. பழுப்பின் வாடையே படாத வெள்ளைகளுக்கு. பால் வழியாக வராமல் உள்ளேயே இருந்தது விழித்துக்கொண்டது என்றால் அது சின்ன விஷயமில்லை. முதல் கட்டியைத் தொட்ட அன்று இந்திராணி பலகைப் பக்கம் திரும்பி "கடுகு" என்று சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. எழுதிக்கொண்டிருந்தது தமயந்தி. ஒரு நிமிடம் மார்க்கரைப் பிடித்தபடி நின்றாள். "நல்லாப் பாத்தியா?" என்றாள். "நீ வந்து பாரு" என்றாள் இந்திராணி. அவள் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு இந்திராணியைக் கட்டிக்கொண்டாள். தோளில் முகம் இருந்ததால் முகம் தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்தை இத்தனை நாளும் சந்தோஷம் என்றல்லவா வைத்திருந்தாள்.

இல்லை, இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஒரு எலி. ஒரு பட்டாணி. எலியை அதன் கூண்டில் விட்டாள். அது ஒன்றும் நடக்காதது போல உமிக்குள் மூக்கை நுழைத்தது. அடுத்த கூண்டு. கட்டைவிரல் காதுமேல். விரல் கிளம்பியது. கழுத்து, அக்குள், விலா. தொடை மடிப்பில் உளுந்து. காதைப் பார்த்தாள். வலது காது. அடுத்தது ஒன்றுமில்லை, காதைப் பார்த்தாள், கட்டைவிரல் எடுபடவே பயந்தது, ஐப்பசி வீடு. அதற்கடுத்தது மறுபடி உளுந்து, இரட்டையாக, பக்கத்துக்கொன்றாக. வலது காது. மாசிப் பாலைக் குடித்ததெல்லாம் நிற்கிறது, குடிக்காததெல்லாம் நழுவிப் போகிறது. எழுத்து விழித்துக்கொள்ளவில்லை. பால். சாதாரணப் பால். எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தில் இருக்கிற பால். மாசி வீட்டின் முதல் தாய்க்கு எங்கிருந்து வந்தது? வெள்ளை எலிக்கு அது வர ஒரே வழிதான் உண்டு. என்றைக்கோ ஒருநாள் அது பழுப்பின் மடியில் வாய் வைத்திருக்க வேண்டும். இந்த அறையில் பழுப்பும் வெள்ளையும் எதிரெதிர்ச் சுவரில் இருக்கின்றன. இடையில் நாலு அடி. எலி தானாகத் தாண்டாது. யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தக் குட்டிகள் பிறந்த மாசியில் இந்திராணி இங்கே இல்லை.

மாசியில் அவள் கோவில்பட்டியில் இருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரசு மருத்துவமனை வராந்தாவில் இருந்தாள், பிறகு வீட்டுக்குள், பிறகு வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே. அம்மா ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் சமைத்து, தண்ணீர் பிடித்து, தொலைபேசியில் "சாப்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்தபோது அந்த மார்புக் கட்டியின் அளவைச் சொல்ல இந்த அறையின் தானியங்கள் எதுவும் போதவில்லை. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டதற்கு அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு "உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான். நீ பாவம் அங்க வேலையில இருக்க" என்றாள். வேலை. இந்த வேலை. ஆயிரம் எலிகளின் அக்குளைத் தடவிப் பார்த்த விரல் அது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதெல்லாம் அம்மா அவளை முன்புபோலக் கட்டிக்கொள்ளாமல் தலையை மட்டும் தடவி அனுப்பியதை வயதாகிவிட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டது. அம்மாமேல் இந்திராணிக்கு இன்றுவரை ஆறாத கோபம். செத்துப்போனவளோடு எப்படிச் சண்டை போடுவது? குளிக்கும்போது தன் அக்குளுக்கு விரல் போய்விடும், வழக்கமான வழியில், கழுத்தடியிலிருந்து. போகாதே என்றால் நிற்காது. காரியம் முடிந்து திருச்சி ஜங்ஷனில் இறங்கியபோது தமயந்தி நின்றிருந்தாள். பையை வாங்கிக்கொண்டாள். தன் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனாள். ரசம் சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் கொடுத்தாள். துக்க வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிகளை வாளியில் போட்டுவிட்டுத் தன் நைட்டியைக் கொடுத்தாள். அதில் நீலத்தூளும் மஞ்சளும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனைக்குள் ஒரு வாரம் தூங்கினாள். "உன் வெள்ளைங்களப் பத்திக் கவலப்படாத. ஒண்ணு கூட கொறயல" என்று தமயந்தி இருட்டில் பக்கத்துப் பாயிலிருந்து சொன்னது ஞாபகம் இருக்கிறது. நிலையத்துக்குத் திரும்பிய அன்று மாசியில் பிறந்த குட்டிகளைப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொழுகொழுவென்று இருந்தன. தான் இல்லாதபோதும் ஒன்று செழித்திருக்கிறதே என்று அழுதாள். தமயந்தி முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள், தட்டிக்கொடுப்பதை நிறுத்தினால் ஏதோ ஆகிவிடும் என்பது போல.

கதவு திறந்தது. பாக்கியம் அக்கா தண்ணீர் பாட்டில் தட்டோடு உள்ளே வந்தாள். எலிக்கூடத்தில் இந்திராணிக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள், வாய் ஓயாதவள். "என்ன மேடம், அதுக்குக் கைரேகை பாக்குறீங்களா? இம்மாம் நேரம் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. அது பயத்துல மூத்திரம் போயிடுச்சு பாருங்க." இந்திராணி குனிந்து பார்த்தாள். மணிக்கட்டில் ஈரம். எப்போது என்று தெரியவில்லை. எலியை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, எங்கம்மா தவறினப்ப நான் ஊருக்குப் போயிருந்தேனே. அப்ப இங்க தாய் எலி ஏதும் செத்துச்சா?" பாக்கியம் பாட்டிலைக் கவிழ்த்துக் கூண்டின் கம்பியில் சொருகினாள். "செத்துச்சே. குட்டி போட்ட மறுநாளே வெறச்சுக் கெடந்துச்சு. தமயந்தி மேடம் பதறிட்டாங்க. அவ என்ன ஒருத்திய நம்பி விட்டுட்டுப் போனா, நான் என்ன பதில் சொல்வேன்னு கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. வெள்ளையில வேற பால் குடுக்கற தாயே இல்ல அன்னிக்கு. அதுங்க கண்ணு தொறக்காத சதைத் துண்டு, ரோஸ் கலர்ல. பழுப்புகிட்டதான் விட்டாங்க. விட்டவுடனே தின்னுடுமோன்னு பாத்தா, அது பெத்ததாட்டம் நக்குச்சு மேடம்! பால் மறக்குற வரைக்கும் வளத்துக் குடுத்துச்சு. அப்புறம் எடுத்து வெள்ளைங்க பக்கம் வெச்சிட்டோம். வெள்ளைதானே, யாருக்குத் தெரியப்போவுது. பாலுக்கு என்ன வெள்ளை பழுப்புன்னு." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் மேடம், உங்களுக்குத் தெரியாதா? நானே சொல்லிக்கறேன், நீங்க ஏதும் வாயத் தொறக்காதீங்க, அவ துக்கத்துல வர்றான்னு தமயந்தி மேடம் சொன்னாங்களே. சொல்லியிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்." இந்திராணிக்கு வாய் முந்திக்கொண்டது. "தெரியும்க்கா. சொன்னா. சும்மா கேட்டேன்." பாக்கியம் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கதவு மூடியபிறகுதான் இந்திராணிக்கு உறைத்தது. இப்போதும் தமயந்தியைக் காப்பாற்றத்தான் பொய் சொல்லியிருக்கிறாள். யோசிக்காமல். விரல் பழகிய வழியில் போவது போல.

தமயந்தி எப்படிச் செய்திருப்பாள் என்று தெரியும், கண்ணை மூடினால் பார்க்கலாம். சும்மா தூக்கிப் போட்டால் தாய் அந்நிய வாசனை கண்டு கடித்துவிடும். முதலில் பழுப்பின் கூண்டிலிருந்து அழுக்கு உமியை ஒரு பிடி அள்ளி, குட்டிகளை அதில் புரட்ட வேண்டும். அந்தப் பழுப்புத் தாயின் மூத்திரமும் வியர்வையும் பாலும் ஊறிய உமியில் மெதுவாகப் புரட்டி எடுத்தால், அவளுடையதாகவே மணக்கும். பிறகு கூட்டில் கலந்துவிட்டால் அவள் எண்ணிப் பார்ப்பதில்லை. தமயந்தியின் கைக்கு அது நன்றாக வரும். குட்டிகளுக்கும் தெரியாது. கண் திறக்காத குட்டிக்கு வெதுவெதுப்பாக இருப்பதெல்லாம் தாய். நீலத்தூளும் மஞ்சளும் கலந்த வாசனை. ச்சே. இந்திராணி நினைப்பை உதறினாள். அது திரும்ப வந்தது. குட்டிகளைக் காப்பாற்றியதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. தானாக இருந்தால் சாகவிட்டிருப்பாளா? தெரியவில்லை, ஒருவேளை தானும் அதையேதான் செய்திருப்பாள். ஆனால் ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். இந்து, இந்தக் குட்டிங்க பழுப்புப் பால் குடிச்சதுங்க. தனிக் கூண்டில் வைத்திருப்பார்கள், வேறு காது வெட்டுப் போட்டிருப்பார்கள், ஒன்றும் கெட்டிருக்காது. அந்த வாக்கியத்துக்கு எத்தனை இடம் இருந்தது. ஜங்ஷனில் இருந்தது. ரசம் சோற்றுக்கும் பாய்க்கும் நடுவில் இருந்தது. அங்கே வேண்டாம், இந்திராணி அழுதுகொண்டிருந்தாள், சரி. முதல் கடுகன்று இருந்தது. சேஷகிரி எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தபோது இருந்தது. தமயந்தி பாதி பாதுஷாவைப் பிட்டு இந்திராணியின் வாயில் ஊட்டினாள், அந்த இடத்தில் இருந்தது. பிறகு கட்டுரை அனுப்பிய ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது இருந்தது. பால் வழியாக வரவில்லை என்பதை எப்படி நம்புவது, சுத்தமான வீட்டுக் குட்டிகளை மாசித் தாயிடம் விட்டு வளர்த்துப் பாருங்கள், அவற்றுக்குக் கட்டி வராவிட்டால் ஒப்புக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். "எதுக்கு இந்து இன்னொரு வருஷம்? வேற பத்திரிகைக்குத் தட்டிவிடு, இவங்க இப்படித்தான் நொச்சு புடிச்சவங்க" என்றாள் தமயந்தி. இந்திராணிதான் பிடிவாதமாக, என் மாசி வீட்டின்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று, ஆடிக் குட்டிகளைக் கொண்டுபோய் விட்டாள்.

அப்புறம் பெயர். நெஞ்சுக்குள் ஒரு ஆணி போல அதுதான் வந்து மாட்டிக்கொண்டது, சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் துணி அதில் மாட்டிக் கிழிந்தது. போன சித்திரையில் ஒருநாள் கேன்டீனில் தமயந்தி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "கட்டுரையில எம்பேர எடுத்துரு இந்து." ஏன் என்று இந்திராணி அலறினாள். பத்து வருடமாக இரண்டு பெயரும் ஒட்டியே வந்துகொண்டிருந்தன. நிலையத்தில் இரட்டைப் பிள்ளைகள் என்பார்கள். "இது உன்னோடது. உன் ஒருத்தி பேருதான் வரணும். அம்மா போன துக்கத்துலேருந்து நீ எழுந்து நின்னது இதுலதான். நான் எதுக்கு நடுவுல நந்தி மாதிரி." அன்று இந்திராணி வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லி அழுதாள். இந்தக் காலத்தில் யார் விட்டுக்கொடுப்பார்கள்? உடன்பிறந்தவள்கூடச் செய்யமாட்டாள் என்றாள். அவனும் ஆமாம் என்றான். அந்த வார்த்தைகளை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள். உன்னோடது. உன் ஒருத்தி பேரு. வீடு பற்றிக்கொள்ளும் என்று தெரிந்தவள் தன் துணிமணியை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, மிச்சமெல்லாம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கு நன்றி சொல்லி, கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் இவள். கட்டுரை வந்திருக்கும், எங்கோ ஒருவன் செய்து பார்த்திருப்பான், வரவில்லை என்று எழுதியிருப்பான். பிறகு ஒரு பெயர்தான் இருந்திருக்கும். நிலையத்து வராந்தாவில் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு வழிவிடுவார்கள். அப்போதும் தமயந்தி வந்து முதுகைத் தட்டிக்கொடுப்பாள். அதைத்தான் இந்திராணியால் தாங்க முடியவில்லை, அந்தத் தட்டிக்கொடுப்பை. அது நிஜமாகவே இதமாக இருந்திருக்கும்.

ஆனாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. பாக்கியம் சொன்னது நடந்த கதை. நடந்ததை மறந்துபோயிருக்கலாம். குட்டிகளை விட்டது ஞாபகமே இல்லாமல், நிஜமாகவே விட்டுக்கொடுத்திருக்கலாம். இந்த மாதம் கை அவசரத்தில் தாண்டிப் போயிருக்கலாம். அப்படி இருந்துவிடாதா என்று மனம் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது, அடித்த வீட்டுக்கே திரும்பிப் போகிற நாய் மாதிரி. இந்திராணி முதல் கூண்டைத் திறந்து பட்டாணி எலியை மறுபடி எடுத்துக்கொண்டாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அது இந்தத் தடவை முரண்டு பிடிக்கவில்லை. கைச்சூட்டுக்குப் பழகிவிட்டது. வெளியே நடைச் சத்தம் கேட்டது, அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். எலிக்கூடத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பாள் தமயந்தி.

"இந்து! இன்னுமா முடியல? மேல சார் சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு ரெடியா ஒக்காந்திருக்கார், பொண்ணு பாக்கப் போற மாதிரி." உள்ளே வந்து முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டாள். நெற்றியில் வியர்வை. சிரிப்பு. இந்திராணிக்குப் பிடித்த சிரிப்பு. "கை எப்படி இருக்கு? அவிழ்த்த மறுநாளே எதுக்குடி வந்தே. நான்தான் போன வாரமே பாத்து எழுதிட்டேனே."

"விரல் மரத்துப்போச்சு தமா. சரியாத் தெரியல" என்றாள் இந்திராணி. "இத நீ கொஞ்சம் பாரு."

எலியை நீட்டினாள். தமயந்தி கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு வாங்கினாள். பிடரியைப் பிடித்தாள், வாலை மடக்கினாள், எல்லாம் அழகாக, ஒரே வீச்சில். இந்திராணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளை மட்டும் பார்த்தாள். தமயந்தியின் இடது கட்டைவிரல் காதின்மேல் படியவில்லை. அது காதை மெல்ல நிமிர்த்தியது. பார்வை ஒரு கணம் அந்த வலது காது வெட்டில் இறங்கி மேலே வந்தது. அதற்குப் பிறகுதான் வலது கை விரல் கழுத்தடியில் கிளம்பியது. அக்குளுக்கு வந்தது. நின்றது. இமை மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் நின்றது. விரலால் நிற்காமல் இருக்க முடியாது. பிறகு நகர்ந்து, விலா ஓரமாக இறங்கி, தொடை மடிப்பில் போய் ஒழுங்காக முடிந்தது.

"ஒண்ணுமில்ல இந்து. சுத்தம்."

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவரில் பழுப்பு எலி ஒன்று பாட்டிலின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"நின்னுச்சே" என்றாள் இந்திராணி.

"எது?"

"உன் விரல்."

தமயந்தி எலியைப் பார்த்தாள். பிறகு பலகையை. சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது, வீட்டில் ஆள் இல்லாதபோது எரிகிற விளக்கு மாதிரி. "பாக்கியம் ஏதாவது சொல்லுச்சா?" என்றாள்.

"நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் இருந்தேன். ஜங்ஷன்லயே சொல்லிடணும்னுதான் வந்தேன். நீ எறங்கி வந்த கோலத்தப் பாத்து எப்படிடி சொல்றது? அப்புறம் கட்டி வந்துச்சு. நீ அவ்ளோ நாளைக்கு அப்புறம் சிரிச்சே. அதுக்கப்புறம்..." நிறுத்தினாள். குரல் உடைந்தது, அந்த உடைசல் நடிப்பில்லை என்பது இந்திராணிக்குத் தெரிந்தது, அதுதான் கஷ்டம். "உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான் இந்து."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இவள் எலியைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். இந்திராணி கையை நீட்டி எலியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"உன் பேர மட்டும் தொந்தரவுலேருந்து எடுத்துட்டே."

தமயந்தி கையுறையைக் கழற்றப் போனாள். பாதியில் விட்டாள். "நாலு மணிக்கு சார்கிட்ட என்ன சொல்லப்போறே?" என்றாள், மிக மெதுவாக, பக்கத்துப் பாயிலிருந்து கேட்கிற மாதிரி. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம்ல. நீயும் நானும் யோசிச்சு..."

"இன்னும் ரெண்டு அடுக்கு பாக்கி இருக்கு" என்றாள் இந்திராணி. "முடிச்சுட்டுப் போகலாம். ரெண்டு பேரும். போன வியாழக்கிழமைய அழி."

தமயந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். இந்திராணி காத்திருந்தாள். கடைசியில் ஒரு கால் இழுபடும் சத்தம் பலகைவரை போனது. துணியால் துடைக்கிற சத்தம். மார்க்கரின் மூடி திறக்கிற சத்தம். இந்திராணி கட்டைவிரலால் காது இரண்டையும் மூடிக்கொண்டாள், யாருடையது என்று தெரிந்திருந்தும். விரலைக் கழுத்தடியில் வைத்து முதலிலிருந்து கொண்டுவந்தாள்.

"பட்டாணி" என்றாள் சத்தமாக.

பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல், பலகையில் மார்க்கர் நகரும் சத்தம் வரும்வரை, எலியைக் கீழே விடாமல் நின்றாள்.